யாரு வீட்டுப் பிள்ளை? வீடியோ கேம் பெட்டிக்குள்ளும் கேளுங்கள்!

கம்மாய்க்கரைக்கு விளையாடக் கிளம்பும் பிள்ளையிடம், "யாரோடடா போற? யாரு வீட்டுப் பிள்ளை அவன்?" என்று கேட்காத தாய் எங்கள் பரளச்சிப் பக்கம் கிடையாது. அதே பிள்ளை வீட்டுக்குள் டி.வி. முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடினால் மட்டும், 'வெயிலில் அலையாமல் கண் முன்னால் இருக்கிறானே' என்று நிம்மதியாக அடுப்படிக்குப் போய்விடுகிறோம். இந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டிக்கு அந்த நிம்மதி சரிப்படாது சகோதரிகளே!

முன்பெல்லாம் கேசட் போட்டு ஆடும் வீடியோ கேமில், எதிராளியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான். 2002-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி 'எக்ஸ்பாக்ஸ் லைவ்' கொண்டுவந்தது. எங்கோ இருப்பவர்களோடு இன்டர்நெட் வழியாகப் பேசிக்கொண்டே ஆடலாம் என்று ஆயிற்று. சோனியின் பிளேஸ்டேஷன் 4, ஜனவரி 2014-ல் 39,990 ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்தது. ஆடுவதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்ட, அதன் கைப்பிடியிலேயே 'ஷேர்' என்று ஒரு பட்டன். நட்புப் பட்டியலில் 2,000 பேர் வரை சேர்க்கலாம். பிப்ரவரி 2021-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் தனியாக ஹெட்போன்கூட வேண்டாம். கைப்பிடிக்குள்ளேயே மைக் இருக்கிறது. ஆக, இது வெறும் பொம்மை இல்லை. முன்பின் தெரியாதவர்களும் வந்து உட்கார்ந்து பேசும் திண்ணை.

வானம் பார்த்த பூமி எங்களுடையது. பிழைப்புக்காக வெளிநாடு போன ஆண்கள் ஊருக்கு வரும்போது, சில வீடுகளுக்கு இந்தப் பெட்டியும் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஆறாவது படிக்கும் மகனுக்கு ஆசையாக வாங்கி வந்தார். கொஞ்ச மாதத்திலேயே பையனுக்கு நாற்பது 'ஃப்ரெண்டு' சேர்ந்துவிட்டார்கள்.

ஒருநாள் அந்த அக்கா துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, டி.வி.யிலிருந்து ஒரு பெரிய ஆளின் குரல். "எந்த ஸ்கூல் தம்பி? அப்பா ஊர்ல இல்லையா? அம்மா போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லு. உனக்கு கேம்ல காசு ஏத்தி விடுறேன்" என்றதாம். அவர் பதறினாலும் பையனைக் கை நீட்டவில்லை. அடித்தால் அடுத்த முறை மறைத்துவிடுவான் அல்லவா? பக்கத்தில் உட்கார்ந்து, "இவர் யாருப்பா? நேர்ல பார்த்திருக்கியா?" என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டார். நாற்பதில் அவனுக்கு நேரில் தெரிந்தவர்கள் ஐந்தே பேர்! மற்றவர்களை அன்றைக்கே நீக்கி, அந்த ஆளைத் தடை செய்து, பெட்டி வழியாகவே புகாரும் கொடுத்தார்கள்.

"சனியனைத் தூக்கிப் பரணில் போடு" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவர் போடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நமக்கு ஆறு மணி என்றால் சிங்கப்பூரில் எட்டரை. அப்பா தன் செல்போனில் இருக்கும் பிளேஸ்டேஷன் ஆப் வழியாக மகனின் பேச்சில் சேர்ந்துகொள்கிறார். சாதாரணமாகப் போன் போட்டால் "சாப்டியா? நல்லாப் படி" என்று இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். ஆடிக்கொண்டே பேசும்போது அரை மணி நேரம் போவது தெரியாது. பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டது முதல் கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தது வரை எல்லாம் வெளியே வந்துவிடும். அந்நிய ஆளை உள்ளே விட்டதும் அந்த வசதிதான்; அப்பாவைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதே வசதிதான். கதவை அடைக்க வேண்டியதில்லை. தாழ்ப்பாள் நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தாழ்ப்பாளை எப்படிப் போடுவது? முதலில், பிள்ளையின் கணக்கில் என்ன பிறந்த தேதி இருக்கிறது என்று பாருங்கள். பதினெட்டு வயது ஆனதாகப் பொய்த் தேதி கொடுத்திருந்தால் பெற்றோர் கட்டுப்பாடு எதுவும் அவனிடம் செல்லாது. பெரியவர் பெயரில் ஒரு கணக்கு வைத்து, அதன் கீழ் உண்மையான தேதியோடு பிள்ளைக்குச் சிறுவர் கணக்கு தொடங்குங்கள். எத்தனை மணி நேரம் ஆடலாம், எவ்வளவு செலவு செய்யலாம் என்பதை அதில் நாமே குறிக்கலாம்.

அடுத்து, 'யார் பேசலாம்' என்ற இடத்தில் நண்பர்கள் மட்டும் என்றும், 'யார் நட்பு கேட்கலாம்' என்ற இடத்தில் யாருக்கும் இல்லை என்றும் வையுங்கள். ஃபோர்ட்நைட் போன்ற சில விளையாட்டுகளுக்குள் பேச்சு வசதி தனியாக உண்டு. அதையும் மறக்காமல் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 கைப்பிடியின் நடுவில் சின்னதாக ஒரு மைக் பட்டன் இருக்கும். அதில் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். நம் வீட்டுப் பேச்சு வெளியே போகிறதா என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். யாராவது தகாத பேச்சுப் பேசினால், கடைசி ஐந்து நிமிடத்துக்குள் பேசியதில் அந்தப் பகுதியை எடுத்து அந்தப் பெட்டியிலேயே புகாரோடு அனுப்ப வழி இருக்கிறது.

இன்னொன்று. பிள்ளையின் விளையாட்டுப் பெயரில் சொந்தப் பெயர், ஊர், பிறந்த வருஷம் எதுவும் வேண்டாம். வீட்டுக்காரரின் பேங்க் கார்டு நம்பரையும் பெட்டியில் பதிந்து வைக்காதீர்கள். 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் திருடர்கள் புகுந்ததில், சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்களுக்கு ஆபத்து வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி!

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்தால் 1098 இருக்கிறது. 'மானம் போய்விடும்' என்று மூடி வைக்காதீர்கள். தப்பு செய்தது நம் பிள்ளை இல்லை.

"எனக்கு இதெல்லாம் புரியாதே" என்று தயங்க வேண்டாம். பிள்ளையிடமே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவான். இன்று ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் அவன் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அந்த நட்புப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவன் என்ன பதில் சொல்கிறான் என்று கேட்டால் போதும். மற்றது தானாக விளங்கும்.

- ஒரு வாசகி, பரளச்சி.