லாரிக்குக் கீழே நான்

பி.காம். படித்தவனுக்கு லாரிக்கு அடியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் என் மாமாவின் பழைய லாரிக்குக் கணக்கு எழுதுபவன் நான்தான்.

போன வருஷம் எஃப்.சி. காட்டுகிற நேரம். எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் இந்தப் பரீட்சை உண்டு. அடிப்பாகமெல்லாம் துரு. மெக்கானிக் அண்ணாச்சி, "நாலு நாள் வண்டிய நிறுத்துங்க" என்றார். நாலு நாள் வாடகை போச்சே! கால்குலேட்டரைத் தட்டினேன். ஒரு டின் கறுப்பு பெயின்ட், ஒரு பையன், ஒரு மத்தியானம். முடிந்தது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் புது மாப்பிள்ளை மாதிரி மின்னியது. மாமா, "படிச்சவன் படிச்சவன்தாம்ல" என்று தோளில் தட்டினார்.

இந்த வருஷம் அதே அண்ணாச்சி, கையில் சுத்தியலோடு பள்ளத்தில் இறங்கினார். "தம்பி, நீங்களும் எறங்குங்க."

சேஸைத் தட்டிக்கொண்டே போனார். டங்... டங்... டங்... ஓரிடத்தில் மட்டும் 'தொப்'. இன்னொரு தட்டு. கறுப்பு பெயின்ட் பாளமாக விழுந்தது. பின்னாலேயே இரும்பும்! குறுக்குச் சட்டத்தில் என் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை.

பி.காம்.மில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழித்து மார்க் வாங்கியிருக்கிறேன். அது இப்படிக் கையில் செதில் செதிலாக உதிரும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

இதன் மேல்தான் ஒரு வருஷமாக உப்பு மூட்டைகள் ஏறியிருக்கின்றன. வண்டியை ஓட்டும் டிரைவர் பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இரும்பு, காத்து, தண்ணி. மூணும் சேந்தா துரு. கூட உப்பு இருந்தா கேக்கவே வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. உப்பு காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளுமாம், மழை வேண்டியதில்லை. நான் அந்த ஈர உப்பைக் கழுவாமல் மேலே பெயின்ட் அடித்து, துருவுக்குத் தனி ரூம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். துரு, தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்தபடியே பெயின்ட்டை நெம்பிக் கிளப்பும். கிளம்பிய இடுக்கில் மறுபடி தண்ணீர்.

இந்த முறை ஒழுங்காக நடந்தது. நல்ல தண்ணீரைப் பீய்ச்சி மூலைமுடுக்கெல்லாம் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வயர் பிரஷ், பிறகு உப்புத்தாள். உப்பால் வந்த வினையைத் தேய்க்கும் தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்தவர் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்! ஓட்டைச் சட்டத்தைக் கழற்றிப் புதுசு போட்டார்கள். ரெட் ஆக்ஸைடு அடித்து, அது காய்ந்தபின் தார் மாதிரியான கறுப்புப் பூச்சு. சைலன்ஸர், பிரேக் டிரம், ரப்பர் ஹோஸ், கிரீஸ் நிப்பிள் எதிலும் படாமல் பேப்பர் சுற்றிக் கட்டினார்கள்.

"பழைய என்ஜின் ஆயிலைத் தடவினா சல்லிசா முடியுமே?" என்றேன். (புத்தி போகுமா?) "ரப்பர் புஷ் ஊறிப் போவும். ரோட்டுல சொட்டினா பின்னால வர்ற பைக்காரன் வழுக்கி விழுவான்" என்றார். "அப்புறம், தண்ணி வடியற ஓட்டைய அடைச்சிராதீங்க."

போன வருஷம் அந்த ஓட்டைகளைத்தான் பையனிடம் சொல்லி, ஒன்று விடாமல் அக்கறையாக அடைக்க வைத்திருந்தேன்.

நாலு நாள் மிச்சம் பிடித்த வகையில் பதினோரு நாள் வண்டி நின்றது. மாமா கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, வெற்றிலை போடப் போய்விட்டார்.

வண்டி கிளம்பும் அன்று டிரைவர் சுத்தியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு தானே அடியில் இறங்கினார். முன்னாலிருந்து பின்னால் வரை தட்டினார். டங், டங், டங். மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஏறுதேன் தம்பி" என்றார்.