காடு மூழ்கவில்லை, ஆனாலும் வேடர் வெளியேறினர்

எத்தாளையின் மணற்காணிகளில் சின்ன வெங்காயமும் மிளகாயும் கிணற்றுத் தண்ணீரில் விளைகின்றன. கற்பிட்டிக் குடாநாட்டில் ஆறு இல்லை. மணலுக்கடியில் தேங்கும் மழைநீர்தான் எல்லாவற்றுக்கும். ஆனால் கிழக்கே விரிந்து கிடக்கும் புத்தளம் களப்புக்குள் இரண்டு ஆறுகள் வந்து சேர்கின்றன. தெற்குப் பக்கத்தில் மீ ஓயா, வடக்கே கங்கேவாடிப் பக்கமாகக் கலா ஓயா. இந்தக் கலா ஓயாவில் 1976 முதல் மகாவலியின் நீரும் கலந்திருக்கிறது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, போவத்தென்ன வழியாகக் கலாவெவக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அநுராதபுர மாவட்டத்து வயல்களில் பாய்ந்து வடிந்த மிச்சம் கலா ஓயா வழியே களப்பில் இறங்குகிறது. மகாவலி இயல்பாகக் கடலைத் தொடுவது திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில். மேற்குக் கரையில் இறால் பிடிக்கும் ஒருவரின் வலைக்குள்ளும் அதே ஆற்றின் ஒரு கிளை வந்து போகிறது என்பது பலருக்குத் தெரியாது.

அந்த ஆற்றை மறித்ததற்கு விலை கொடுத்தவர்களைப் பற்றியும் அதிகம் பேசப்படுவதில்லை.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடும் இலங்கையின் மிக நீண்ட ஆறு. ஐக்கிய நாடுகளின் உதவியோடு 1968-இல் தயாரான பெருந்திட்டம், அதன் நீரை வறண்ட வலயத்துக்குத் திருப்புவதற்கு 30 ஆண்டு கேட்டது. 1977-இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன அதை ஆறே ஆண்டுகளில் முடிக்க வேண்டும் என்றார். துரித மகாவலி அபிவிருத்தித் திட்டம் பிறந்தது. 1979-இல் தனிச் சட்டத்தின் கீழ் மகாவலி அதிகார சபை அமைந்தது. பொறுப்பான அமைச்சர் காமினி திசாநாயக்க. விக்டோரியா அணைக்கு பிரித்தானியா, கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என்று நாடுகள் பணம் கொடுத்தன. 1980-களின் நடுப்பகுதிக்குள் அணைகள் எழுந்தன. மின்சாரமும் நெல்லும் வந்தன. மலைநாட்டில் பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போனது. அங்கே வீடிழந்தவர்களிடம் காணி உறுதி இருந்தது, பட்டியலில் பெயர் இருந்தது. போதாது என்றாலும் நட்டஈடு கேட்க ஒரு வழி இருந்தது.

மகியங்கனைக்குக் கிழக்கே, தம்பானையைச் சுற்றிய காட்டில் நடந்தது வேறு. அங்கே வாழ்ந்தவர்கள் வேடர். தம்மை அவர்கள் வன்னியல எத்தோ என்று அழைக்கிறார்கள். வேட்டை, தேன், காட்டுக் கிழங்கு, சிறிய சேனைகளில் குரக்கனும் சோளமும். தலைமுறை தலைமுறையாக இதுதான் சீவியம். மாதுறு ஓயாவின் குறுக்கே அணை கட்டப்பட்டது. மகாவலியிலிருந்து மினிப்பே வலது கரைக் கால்வாய் வழியாகவும் சுரங்கம் வழியாகவும் அதற்கு நீர் வந்தது. அணை வேலையின்போது அதே இடத்தில் பழங்காலக் கட்டும் மதகும் வெளிப்பட்டன. முன்னோர் கண்ட இடத்தையே நாமும் கண்டோம் என்று நாடே பெருமைப்பட்டது. அந்தப் பெருமையில் பிழை இல்லை. ஆனால் அணைக்கு மேலேயிருந்த காட்டில் அன்றும் ஆட்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

தம்பானை வேடரின் காட்டில் பெரும்பகுதியை வெள்ளம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனது வர்த்தமானி அறிவித்தல். நீர்த்தேக்கம் மண்ணால் நிரம்பாமலிருக்க நீரேந்துப் பகுதிக் காட்டைக் காக்க வேண்டும். கீழே வயலுக்காகக் காடு வெட்டப்பட்டதால் யானைக்கும் மற்ற விலங்குகளுக்கும் ஒதுக்கிடம் வேண்டும். இந்த இரண்டு காரணங்களுக்காகவும் 1983 நவம்பர் 9-ஆம் திகதி மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 58,800 ஹெக்டேர். வஸ்கமுவ, சோமாவதி, வெள்ளச் சமவெளி ஆகிய பூங்காக்களும் 1986-க்குள் இதே தேவைக்காக வந்தன. தேசியப் பூங்காவில் யாரும் குடியிருக்க முடியாது. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், வேட்டை குற்றம். நேற்றுவரை உணவு தேடப் போன காட்டுக்குள் இன்று போனால் கைது. சேனைக்காகவும் தோட்டத்துக்காகவும் மற்றவர்கள் வெட்டித் தீர்த்த நாட்டில், இந்தக் காடு மிஞ்சியிருந்ததே அதில் வாழ்ந்தவர்கள் அதை அழிக்காததால்தான். காட்டைக் காப்பதற்காக அவர்களையே வெளியேற்றியது பெரும் அநியாயம்.

வெளியேறியவர்களுக்கு மகாவலிக் குடியேற்றங்களில் இடம் கொடுக்கப்பட்டது. அவற்றில் பெரியது ஹெனானிகல. மற்றக் குடியேற்றக்காரர்களுக்குக் கிடைத்ததே இவர்களுக்கும்: இரண்டரை ஏக்கர் வயல், அரை ஏக்கர் மேட்டுக்காணி. உழவு தெரிந்த ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய வரம். கண்டியிலிருந்தும் காலியிலிருந்தும் வந்த பல குடும்பங்கள் அதில் தலை நிமிர்ந்தன. வேடருக்கோ வாய்க்கால் முறை, பசளைக் கடன், விதைநெல், ஆலைக்காரன் விலை எல்லாமே புதிது. சிலர் கற்றுக்கொண்டு நல்ல கமக்காரர் ஆனார்கள். வேறு சிலர் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவன் வயலில் கூலிக்குப் போனார்கள். தம்பானைக்கே திரும்பி நடந்தவர்களும் உண்டு.

போகவே மாட்டேன் என்று நின்றவர் தலைவர் ஊறுவரிகே திஸாஹாமி. தம்பானையின் கொட்டபக்கினியவில் சில குடும்பங்களோடு அவர் தங்கிவிட்டார். தோளில் கோடரியோடு நின்ற அந்த முதியவரின் படத்தை இலங்கையில் பார்க்காதவர் குறைவு. பாடப் புத்தகத்திலும் தபாலட்டையிலும் நாடு அவரைக் கொண்டாடியது. 1998-இல் கண்மூடும்வரை அவர் கேட்டது காட்டுக்குள் போய்வரும் உரிமையைத்தான்.

“காடு அரசாங்கத்தினுடையது, வேடரிடம் உறுதி ஏது?” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சட்டப்படி அந்தக் கேள்வியின் வேர் 1840-இல் இருக்கிறது. அந்த ஆண்டு பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் 12, காடும் தரிசும் சேனை நிலமும், மாறாக நிரூபிக்கப்படாதவரை, முடிக்குச் சொந்தம் என்றது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய காலம் அது. எழுத்தில்லாத சமூகம் எதைக் காட்டி நிரூபிக்கும்?

ஆனால் வேடரிடம் காணி முறை இருந்தது. சார்ள்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் தம்பதியர் 1911-இல் வெளியிட்ட வேடர் பற்றிய ஆய்வு நூல் அதைப் பதிந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி வேட்டைக் காடு இருந்தது. மலைத்தேனீ கூடு கட்டும் பாறைகளுக்கும் உரித்தாளிகள் இருந்தார்கள். நாணேற்றிய வில்லோடு நிற்கும் மனித உருவத்தை எல்லையோர மரங்களின் அடிமரத்தில் செதுக்குவார்கள். தந்தை தன் நிலத்தைப் பிள்ளைக்கோ மருமகனுக்கோ கொடுக்கும்போது ஒரு பல், ஒரு கொத்து மயிர், தீத்தட்டும் கல் போன்றதொன்றைச் சாட்சியாகக் கையளிப்பார். காணிக் கச்சேரியின் முத்திரை இல்லை என்பதைத் தவிர, உறுதிக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது: எல்லை, உரித்தாளி, கைமாற்றம், சாட்சி. நூல் அச்சாகி எழுபது ஆண்டு கழித்து அணை கட்ட வந்தவர்கள் அதைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

அந்தத் தேன்பாறைகளில் நடக்கும் வேலையை அறிந்தவர்களுக்கு, இரண்டரை ஏக்கர் வயல் எதற்கு ஈடாகாது என்பது விளங்கும். தேன் மாதம் வந்ததும் குடும்பமே பாறையடிக்குப் பெயரும். உச்சியில் மரத்தில் கட்டிய கொடி ஏணி, விளிம்பிலிருந்து அந்தரத்தில் தொங்கும். இறங்குபவர் பச்சிலை புகைத்துத் தேனீயை விலக்கி, வதையை வெட்டித் தோல் கலயத்தில் இறக்குவார். ஏணியைப் பார்த்துக்கொள்பவர் நம்பிக்கைக்குரிய உறவினராக இருக்க வேண்டும். உயிர் அவர் கையில். இறங்குவதற்கு முன்னர் இறந்த முன்னோரை வேண்டிக்கொள்வார்கள். நே யக்கு எனப்படும் அந்த முன்னோர் ஆவிகள் அந்தந்த மலையோடும் குகையோடும் சேர்ந்தவை. பாறையை இழந்தபோது அவர்கள் உணவோடு தொழிலையும், உறவின் ஒழுங்கையும், தெய்வங்களையும் சேர்த்து இழந்தார்கள். நட்டஈட்டுப் படிவத்தில் இவற்றுக்குக் கட்டம் கிடையாது.

இது முதல் தடவையும் இல்லை. 1949-இல் டி. எஸ். சேனாநாயக்க தொடங்கிய கல்லோயாத் திட்டம், இங்கினியாகலையில் அணை கட்டி நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கியது. செலிக்மன் தம்பதியர் நேரில் கண்டு எழுதிய ஹெனபெத்த, தனிகல வேடரின் நாடு அந்தப் பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த மலைகளும்தான். 1954-இல் அங்கேயும் தேசியப் பூங்கா வந்தது. கல்லோயாவில் நடந்ததிலிருந்து பாடம் படிக்க மாதுறு ஓயாவுக்கு முப்பது ஆண்டு இருந்தது.

குடிசன மதிப்பீட்டில் 1911-இல் 5,300-க்கு மேற்பட்டோர் வேடராகப் பதிவாகினர். 1963-இல் பதிவானவர்கள் 400 பேர். அதன் பின்னர் வேடருக்குத் தனி நிரலே இல்லாமல் போனது. இத்தனை பேரும் இறந்துவிடவில்லை. உட்பகுதியில் பலர் சிங்களவராகவும், கிழக்குக் கரையில் வாகரை, மூதூர், வெருகல் பக்கங்களில் தமிழ் பேசும் வேடர் தமிழராகவும் எழுதப்பட்டார்கள். கணக்கில் இல்லாத மக்களுக்கு அணைத் திட்டத்தில் மட்டும் எப்படி இடம் இருக்கும்?

மாதுறு ஓயாவுக்குப் பணம் தந்த கனடாவிலேயே, அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், இதே வழக்கு நடந்து முடிந்திருந்தது. கியூபெக் மாகாணம் 1971-இல் ஜேம்ஸ் குடா நீர்மின் திட்டத்தை அறிவித்தபோது, அந்தக் காடுகளில் வேட்டையாடிய கிரீ மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1973 நவம்பரில் நீதிபதி அல்பர்ட் மாலூப் வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரு வாரத்திலேயே மேல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஆனாலும் அரசு பேச்சுக்கு இறங்க வேண்டியதாயிற்று. 1975-இல் கையெழுத்தான உடன்படிக்கை கிரீ, இனுயிட் மக்களுக்கு வேட்டை உரிமை நிலங்களைக் குறித்துக் கொடுத்தது. காட்டிலேயே வேட்டையாடி வாழ விரும்பும் கிரீக் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் வருமான உதவியும் ஏற்பாடானது. அணைகள் கட்டப்பட்டன, ஆறுகள் திசை மாறின, கிரீ மக்களின் இழப்பு சிறிதல்ல. என்றாலும் வேட்டை என்பது ஒரு வாழ்வு, அதற்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அங்கே எழுத்தில் ஏற்கப்பட்டது. அந்த அறிவு, பணத்தோடு சேர்ந்து மாதுறு ஓயாவுக்கு வரவில்லை.

உலக அணைகள் ஆணைக்குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில், அணைகளால் இடம்பெயர்ந்தோர் தொகை உலகம் முழுவதும் 4 கோடியிலிருந்து 8 கோடி வரை இருக்கும் என்று மதிப்பிட்டது. நர்மதைப் பள்ளத்தாக்கின் பீல் மக்கள் அதில் அடங்குவர். சர்தார் சரோவர் அணைக்கு எதிராக மேதா பட்கர் முன்னின்று நடத்திய போராட்டம், உலக வங்கியே 1992-இல் மீளாய்வு நடத்தி, அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்திலிருந்து விலகும் நிலையை உண்டாக்கியது. வேடருக்கு அப்படியொரு பேரியக்கம் வாய்க்கவில்லை. தொகையில் சிறியவர்கள், வாக்குப் பலம் இல்லாதவர்கள். மாதுறு ஓயாவின் கீழ்நிலங்களில் சிங்களவரா, தமிழரா, முஸ்லிம்களா குடியேறுவது என்ற சண்டை பெரிதாக நடந்ததில், அந்த நிலத்தில் முதலில் இருந்தவர்கள் கதை அமுங்கிப்போனது.

புத்தளக் கரைக்கு இதில் வேறொரு உறவும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் வந்திறங்கியது இந்த மாவட்டத்தில்தான். ஆயுதத்தால் விரட்டுவதும் அபிவிருத்தியின் பேரில் அப்புறப்படுத்துவதும் ஒன்றல்ல. ஆனால் முகாமில் கிடைத்த கொட்டில், விட்டுவந்த ஊருக்கு ஈடாகுமா என்ற கேள்வியை இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தம்பானைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு இங்குள்ளவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

பிரேமதாச அரசு 1990-இல் வேடருக்கென 1,500 ஏக்கர் காட்டை ஒதுக்க முன்வந்தது. பூங்காவின் முழுப் பரப்போடு ஒப்பிட்டால் அது நூற்றில் ஒரு பங்கு. திஸாஹாமியின் மகன் வன்னில எத்தோ 1996-இல் ஜெனீவாவுக்குப் போய், பழங்குடிகளுக்கான ஐ.நா. செயற்குழுவில் தம் மக்களின் நிலையைச் சொன்னார். தந்தைக்குப் பின் தலைமையும் அவருக்கு வந்தது. 2007-இல் ஐ.நா. பொதுச்சபையில் பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அவர்களின் சுதந்திரமான முன்சம்மதம் இல்லாமல் நிலத்தைவிட்டு அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அந்தப் பிரகடனம். சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடிய 1989-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் அமைப்புச் சமவாயம் 169-ஐ இலங்கை ஏற்கவில்லை. தெற்காசியாவில் அதை ஏற்ற ஒரே நாடு நேபாளம்.

இன்று தம்பானைக்குப் போகும் உல்லாசப் பயணிக்குத் தேனும் கைவினைப் பொருளும் விற்கிறார்கள், வில்லோடு நின்று படம் எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குப் போகிறார்கள். வேட மொழியைச் சரளமாகப் பேசுவோர் அருகிவிட்டார்கள். காட்டுக்குள் போக முடியாத தலைமுறைக்குக் காட்டின் மொழி எப்படித் தங்கும்?

சண்டையோ ஓயவில்லை. அம்பாறை மாவட்டத்தின் பொல்லெபெத்த, ரம்பக்கன் ஓயாப் பகுதியில் வேடரின் பாரம்பரியக் காடு சோளப் பயிர்ச்செய்கைக்காகத் துப்புரவாக்கப்படுகிறது என்று கூறி, 2020-இல் வன்னில எத்தோவும் சூழல் நீதிக்கான மையமும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார்கள். எதிர்மனுதாரர்களில் மகாவலி அதிகார சபையும் ஒன்று. மரத்தில் செதுக்கிய வில்லாளியையும் கையளித்த பல்லையும் காட்டிக் காணியை நிலைநாட்டிய மக்கள், இந்தத் தடவை சட்டத்தரணியோடும் சத்தியக் கடதாசியோடும் போயிருக்கிறார்கள்.