ஏலக்காய் அறையில் வெப்பத்துக்கு ஒரு மீட்டர்

போடிநாயக்கனூரில் ஏலத்துக்கு வரும் ஏலக்காய், மலையில் உலர்த்தும் அறையைக் கடந்துதான் வருகிறது. பச்சைக் காயில் 80 சதவீதம்போல ஈரம். அதை 10–12 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். சூடு 45 முதல் 55 டிகிரி. மீறினால் பச்சை நிறம் போகும், கூடவே விலையும்.

சூடு எவ்வளவு என்று வெப்பமானி சொல்லிவிடும். எவ்வளவு வெப்பம் செலவானது? அது வேறு கேள்வி. வெந்நீரைக் குழாயில் சுற்றவிடும் அறையானால் வெப்ப மீட்டர் பதில் சொல்லும். ஓடும் நீரின் அளவை, போகும்போதும் திரும்பும்போதும் உள்ள சூட்டு வித்தியாசத்தால் அது பெருக்குகிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் 70 டிகிரியில் போய் 60-ல் திரும்பினால், மணிக்குச் சுமார் 14 யூனிட். கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்.

வில்லங்கம் பொருத்துவதில் இருக்கிறது. ஓட்டத்தை அளக்கும் பகுதியைப் பெரும்பாலும் திரும்பு குழாயில் வைப்பார்கள். அங்கே சூடு குறைவு. குழாய் வளையும் எல்போவை ஒட்டி வைத்தால் நீர் சுழித்து அளவு பிசகும். போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் சூட்டை அளக்கும் இரண்டு சென்சார்களும் ஜோடியாகவே சரிபார்க்கப்பட்டவை, ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. 10 டிகிரி வித்தியாசத்தில் 1 டிகிரி தவறினால் கணக்கில் 10 சதவீதம் போச்சு!

100 கிலோ பச்சைக் காயில் வெளியேற வேண்டிய நீர் சுமார் 78 கிலோ. அதை ஆவியாக்க மட்டும் 50 யூனிட்டுக்குச் சற்று மேல். மீட்டர் 150 காட்டினால், மிச்சம் ஈரக்காற்றோடும் சுவர் வழியாகவும் போயிருக்கிறது. விறகுப் புகையையே குழாயில் விடும் பழைய அறைகளில் இந்த மீட்டருக்கு வேலையில்லை. அங்கே விறகைத்தான் எடை போட வேண்டும்.