ஆண்டுக் கணக்கைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்

“மாதம் அறுபது வெள்ளிதானே!”

எங்கள் சுங்கை பாக்காப் வட்டாரத்தில் கராத்தே, தேக்குவாண்டோ வகுப்பு பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அறுபது இல்லாவிட்டால் ஐம்பது, எழுபது. பிள்ளையின் பாதுகாப்புக்கு அது பெரிய பணமா என்று தோன்றும், சேர்த்துவிடுவோம்.

என் மகள் நான்கு ஆண்டுகளாகக் கராத்தே பழகுகிறாள். வீட்டுச் செலவு நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வருகிறேன். கடந்த ஆண்டுக் கணக்கு இது. மாதக் கட்டணம் 60 வீதம் 720 வெள்ளி. வளரும் பிள்ளை என்பதால் புதுச் சீருடை 90. சங்க உறுப்பினர் கட்டணம் 50. பட்டைத் தேர்வு மூன்று முறை, தடவைக்கு 70 வீதம் 210. கையுறை, கால் காப்பு, பல் காப்பு 180. இரண்டு போட்டிகள், நுழைவுக் கட்டணம் 80 வீதம் 160. அந்தப் போட்டிகளுக்குப் போய்வர பெட்ரோல், டோல், சாப்பாடு 200. ஆக மொத்தம் 1,610 வெள்ளி. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்திற்கு 134 வெள்ளி.

இது எங்கள் வீட்டுக் கணக்கு. வகுப்புக்கு வகுப்பு கூடலாம், குறையலாம். ஆனால் சொல்லப்படும் கட்டணத்தைவிடச் சொல்லப்படாத செலவு அதிகம் என்பதைப் பிள்ளைகளைப் போட்டி வரை அனுப்பிய பெற்றோர் பலரும் அறிவார்கள்.

இந்தத் தொகையைச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் தொழிலாளியின் இபிஎஃப் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. மீதி 1,513. சொக்சோ பிடித்தம் வேறு. வால்டோர் தொழிற்பேட்டையிலோ பத்து காவானிலோ அந்தச் சம்பளத்திற்கு வேலை செய்யும் ஒருவருக்கு, ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கராத்தே என்பது ஒரு மாதம் முழுக்க உழைத்துக் கையில் வாங்கும் பணத்திற்கும் மேல். இரண்டு பிள்ளைகள் என்றால் சொல்லவே வேண்டாம்.

பிறகு ஏன் சேர்க்கிறோம்?

பெண் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். பையன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஓடியாட வேண்டும். இவை நாம் வாய்விட்டுச் சொல்லும் காரணங்கள். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், கராத்தே பெண்கள் 50 கிலோ பிரிவில் நம் ஷாமளாராணி தங்கம் வென்றபோது எங்கள் வகுப்பில் சின்னப் பெண்களுக்கு வந்த உற்சாகத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. மாவட்டம், மாநிலம் என்று போட்டியின் நிலை உயர உயரப் புள்ளியும் உயரும். 2011இல் கல்வி அமைச்சு ‘ஒரு மாணவர், ஒரு விளையாட்டு’ கொள்கையைக் கொண்டுவந்த பிறகு, விளையாட்டுச் சான்றிதழ் என்பது கோப்பில் இருந்தே ஆக வேண்டிய தாளாகிவிட்டது. ஆகவே நாம் கட்டும் பணத்தில் ஒரு பகுதி உதைக்கும் குத்துக்கும் என்றால், இன்னொரு பகுதி அந்தத் தாளுக்கு.

பட்டைக்கு ஒரு விலை

தற்காப்புக் கலையில் தர வரிசை ஒன்றும் ஆதிகாலத்து வழக்கமல்ல. 1882இல் ஜப்பானில் கொடொகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோதான் ‘டான்’ தர முறையைத் தற்காப்புக் கலைக்குள் கொண்டுவந்தார். மஞ்சள், பச்சை, நீலம் என்ற வண்ணப் பட்டைகள் பிற்பாடு ஐரோப்பாவில் பரவியவை. சின்னப் பிள்ளைகளுக்கு இது நல்ல ஊக்கம். நான்கு மாதத்திற்கு ஒருமுறை ஒரு படி ஏறினோம் என்ற மகிழ்ச்சி. ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கட்டணம். மேலே போகப் போக அந்தக் கட்டணமும் ஏறும்.

எங்கள் தாமானில் ஒரு பெண். அப்பா லாரி ஓட்டுநர், ஒரே வருமானம். ஏழு வயதில் வகுப்புக்கு வந்தவள், பதினாறு வயதில் பழுப்புப் பட்டை. என் மகளுக்குக் குமித்தேயில் கால் வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். கறுப்புப் பட்டைத் தேர்வு கோலாலம்பூரில் என்று அறிவிப்பு வந்தது. தேர்வுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து எழுநூறு வெள்ளிக்குமேல். அவகாசம் ஒரு மாதம். அடுத்த வாரத்திலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. கடைத்தெருவில் பார்த்துக் கேட்டபோது, “பரீட்சை வருது அங்கிள், கொஞ்ச நாள் கழிச்சுப் போறேன்” என்றாள். போகவே இல்லை.

பிறகு மாஸ்டரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் முகம் வாடிவிட்டது. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தவணையில கட்டச் சொல்லியிருப்பேனே” என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தேர்வுக்கு இவ்வளவு ஆகும் என்று அந்த அப்பாவுக்குத் தெரிந்திருந்தால், மாதம் முப்பது வெள்ளி எடுத்து வைத்திருப்பார். மாஸ்டர் முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கேட்க வெட்கம். ஒன்பது ஆண்டுப் பயிற்சி அந்த மௌனத்தில் நின்றுபோனது.

மாஸ்டரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. இருபது பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 வெள்ளி வரும். மண்டப வாடகை, தலைமைச் சங்கத்திற்குச் செலுத்த வேண்டியவை, பயிற்சிப் பாய்கள், பெட்ரோல் எல்லாம் அதிலிருந்துதான். மூன்று பிள்ளைகள் அந்த மாதம் கட்டாவிட்டால் அவர் கையைக் கடிக்கும். தேர்விலும் போட்டியிலும்தான் காசு பார்க்கிறார்கள் என்று நாம் பேசிக்கொள்கிறோம். உண்மையில் மாதக் கட்டணத்தைக் குறைத்துச் சொன்னால்தான் ஆள் சேரும் என்ற நிலைக்கு அவர்களைத் தள்ளியதில் நமக்கும் பங்குண்டு.

வெற்றிலை பாக்கும் சிலம்பமும்

காசே இல்லாமல் கற்றுக்கொண்ட காலமும் இருந்தது. தோட்டங்களில் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து சிலம்பத்தைக் கொண்டுவந்தார்கள். பால்மரம் வெட்டி முடித்த மாலையில், கோயில் திடலில், ஆசானுக்கு வெற்றிலை பாக்கு வைத்துத் தட்சணையாக முடிந்ததைக் கொடுத்துக் கம்பு பிடித்தவர்கள் இன்றும் செபராங் பிறையில் இருக்கிறார்கள். அதைச் சொல்லி, “இப்போது எல்லாம் வியாபாரமாகிவிட்டது” என்று வருந்துகிறவர்களும் உண்டு.

எனக்கு அந்த வருத்தத்தில் பாதிதான் உடன்பாடு. இலவசமாகக் கிடைத்தது என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல. ஆசான் தம் நேரத்தையும் உடம்பையும் போட்டு ஈடுகட்டினார் என்றுதான் பொருள். அவருடைய பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். வயிற்றுக்கு உதவாத கலையை ஏன் எடுத்து நடத்த வேண்டும் என்று வேறு வேலைக்குப் போனார்கள். ஆசானோடு கம்பும் ஓய்ந்தது. காசைப் பற்றிப் பேசாதது கராத்தேயில் ஒரு மாணவியை இழக்க வைத்தது; சிலம்பத்தில் ஆசானின் வாரிசையே இழக்க வைத்தது.

தமிழ்நாட்டில் 2021இல் சிலம்பம் ‘கேலோ இந்தியா’ திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசாங்கத்தின் பணமும் சான்றிதழும் வந்தால் கலைக்கு ஆள் வருகிறார்கள். இங்கும் ஆசானுக்கு ஒரு நியாயமான தொகை கொடுக்காமல் சிலம்பத்தை வாழவைக்க முடியாது.

ஜிம்மில் வேறு கதை

தற்காப்புக் கலையில் பணத்தைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள் என்றால், ஜிம்மில் பேசத் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே கையெழுத்துக் கேட்கிறார்கள். “இன்றைக்குச் சேர்ந்தால் பதிவுக் கட்டணம் கிடையாது”, “ஓராண்டு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம்”. ஜனவரியில் சேர்ந்து மார்ச்சில் நிற்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். நின்றவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து மட்டும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

முன்பணத்திற்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 2016 ஜூலையில் சிங்கப்பூரில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் மூடப்பட்டது. 2017 ஜூனில் மலேசியாவில் ட்ரூ ஃபிட்னஸ் திடீரெனக் கதவடைத்தது. முன்கூட்டியே பணம் கட்டியிருந்த உறுப்பினர்கள் திகைத்து நின்றார்கள். பெரிய பெயர்களுக்கே அந்த நிலை என்றால், கடைவீட்டு மாடியில் நடக்கும் சிறு ஜிம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாதாமாதம் கட்டும் முறை பத்து வெள்ளி கூடுதலாக இருந்தாலும் பல நேரம் அதுவே மலிவு.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதுபோன்ற தொடர் சேவை ஒப்பந்தங்களைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. ஒப்பந்தத்தை இடையில் ரத்து செய்யப் பயனீட்டாளருக்கு உரிமை உண்டு. அதுவரை பெற்ற சேவைக்கும், சட்டம் அனுமதிக்கும் பிடித்தத்திற்கும் மேல் முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ள முடியாது. ரத்து செய்வதை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்திருங்கள். ஒத்துவரவில்லை என்றால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. வழி தெரியாவிட்டால் 1969 முதல் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் கதவைத் தட்டலாம்.

வரிச் சலுகை யாருக்கு?

2024 வரி ஆண்டிலிருந்து விளையாட்டுச் செலவுக்கு 1,000 வெள்ளி வரை தனி வரி விலக்கு உண்டு. ஜிம் கட்டணமும் அதில் அடங்கும். பதிவு பெற்ற விளையாட்டுச் சங்கம் அல்லது நிறுவனம் தரும் பயிற்சிக் கட்டணமும் அடங்கும். உங்களுக்கு, துணைவருக்கு, பிள்ளைக்கு. 2025 முதல் பெற்றோருக்காகச் செய்யும் செலவும் சேரும். ரசீதை மறக்காமல் வாங்குங்கள்.

ஆனால் 1,000 வெள்ளி விலக்கு என்றால் 1,000 வெள்ளி கையில் வருவதில்லை. 11 விழுக்காடு வரிப் படியில் இருப்பவருக்கு 110 வெள்ளி மிச்சம். 6 விழுக்காட்டுப் படியில் 60. குறைந்தபட்சச் சம்பளக்காரர் வரியே கட்டுவதில்லை, அவருக்கு ஒன்றும் இல்லை. கோயில் மண்டபத்தில் பதிவு இல்லாமல் சொல்லிக்கொடுக்கும் ஆசானிடம் கட்டிய பணமும் இதில் சேராது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைத்தான் இந்தச் சலுகை எட்டவில்லை. அந்த இடைவெளியை ஊர்தான் நிரப்ப வேண்டும்.

சேர்வதற்கு முன் ஐந்து கேள்விகள்

ஒன்று: ஆண்டு முழுவதற்கும் எல்லாம் சேர்த்து எவ்வளவு? இரண்டு: பட்டைத் தேர்வு எத்தனை, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்ன, கறுப்புப் பட்டைக்கு எவ்வளவு ஆகும்? மூன்று: போட்டிக்குப் போவது கட்டாயமா, விருப்பமா? நான்கு: சங்கம் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்றதா, அடிபட்டால் காப்புறுதி உண்டா? ஐந்து: தவணை வசதி உண்டா, இடையில் நின்றால் பணம் என்னாகும்?

இவற்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல மாஸ்டர் கோபப்பட மாட்டார்.

பள்ளித் தவணை மறுபடி ஜனவரிக்குத் திரும்பியிருக்கிறது. புத்தகம், சீருடை, பள்ளி வேன் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்போது முதலில் வெட்டப்படுவது இதுபோன்ற வகுப்புதான். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மாலையில் பூட்டிக்கிடக்கும் பள்ளி மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கிக் கொடுத்தால் மாஸ்டருக்கு வாடகை மிச்சம். அந்த மிச்சத்தில் இரண்டு பிள்ளைகளைக் கட்டணமில்லாமல் சேர்க்கச் சொல்லலாம். ஆலய நிர்வாகங்கள் திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கைச் சிலம்ப ஆசானின் மாதச் சம்பளமாக்கலாம்.

எங்கள் வகுப்பில் பெற்றோர் சிலர் மாஸ்டரோடு உட்கார்ந்து பேசினோம். இந்த ஆண்டு கட்டணப் பட்டியல் முழுவதும் மண்டப வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது, கறுப்புப் பட்டைத் தேர்வு வரை. பக்கத்தில் ஒரு பெட்டி. பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன சீருடை, கையுறைகளைத் துவைத்து அதில் போடுகிறோம். வேண்டியவர்கள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதத்திலேயே மூன்று குடும்பங்கள் தவணை கேட்டன. மூன்று பிள்ளைகளும் இன்னும் வகுப்பில் இருக்கிறார்கள்.