சுமையைத் தாங்கும் சாக்கு. சுமப்பவரைத் தாங்குவது யார்?

கொல்கத்தாவின் தென்மேற்கே உள்ள பெஹாலா என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் கிரிக்கெட் வீரர் சௌரவ் கங்குலி. ஆனால், நமது ரேஷன் கடைக்கு வந்து சேரும் அரிசி மூட்டைக்கும் பெஹாலாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பலர் அறியாத செய்தி. பெஹாலாவின் வடக்கு விளிம்பில் உள்ள தாராதலாவில்தான் இந்திய சணல் தொழில் ஆராய்ச்சிச் சங்கம் இயங்கி வருகிறது. 1937-ல் சணல் ஆலை முதலாளிகளின் முயற்சியால் தொடங்கிய இந்த ஆய்வுப் பணியின் முக்கியப் பொருள்களில் ஒன்று, நாம் அன்றாடம் காணும் சாதாரணக் கோணிப்பை.

முதுகில் சுமக்கும் பை என்றால் மலையேறும் இளைஞர்களின் முதுகுப்பையோ, ராணுவ வீரர்களின் பையோதான் நினைவுக்கு வரும். தோள்பட்டை, இடுப்புப் பட்டை, முதுகு வளைவுக்கேற்ற மெத்தை என அதில் ஒவ்வொன்றும் சோதித்துச் சேர்க்கப்பட்டவை. சுமையின் பெரும் பங்கை இடுப்புக்கு மாற்றினால் தோளும் முதுகெலும்பும் தப்பும் என்பது அதன் அடிப்படை. ஆனால், இந்தியாவில் மிக அதிகமாகவும், மிகக் கடுமையாகவும் பயன்படுத்தப்படும் முதுகுச் சுமைப் பை எதுவெனக் கேட்டால், பட்டையோ பிடியோ இல்லாத 50 கிலோ சாக்குதான் என்று சொல்ல வேண்டும்.

சட்டம் தந்த சந்தை: 1855-ல் ஹூக்ளி நதிக்கரையில் உள்ள ரிஷ்ராவில் நாட்டின் முதல் சணல் ஆலை தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு பிளாஸ்டிக் இழைப் பைகளின் போட்டி வலுத்தபோது, 1987-ல் சணல் பொதிபொருள் கட்டாயப் பயன்பாட்டுச் சட்டத்தை மத்திய அரசு கொண்டு வந்தது. உணவு தானியங்கள் முழுவதையும், சர்க்கரையில் 20 சதவீதத்தையும் சணல் பைகளிலேயே அடைக்க வேண்டும் என்று 2023-24 சணல் ஆண்டுக்கும் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. சுமார் 40 லட்சம் விவசாயக் குடும்பங்களும், ஆலைகளிலும் துணைத் தொழில்களிலும் பணிபுரியும் சுமார் 4 லட்சம் தொழிலாளர்களும் இதனால் பயன்பெறுவதாக அரசு கூறியது.

சந்தை சட்டத்தால் கிடைத்தாலும், தரம் சோதனையால்தான் கிடைக்கும். அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் நெல் கொட்டப்படும் ஒரு சாக்கு, லாரியில் ஏற்றப்படுகிறது, சேமிப்புக் கிடங்கில் அடுக்கப்படுகிறது, ரயில் பெட்டியில் மாநிலம் கடந்து செல்கிறது, மீண்டும் இறக்கப்படுகிறது. இத்தனை இடங்களிலும் அது தூக்கி எறியப்படுகிறது, தரையில் இழுக்கப்படுகிறது, இரும்புக் கொக்கியால் குத்தப்படுகிறது. எனவே, ஆய்வகத்தில் சோதிப்பது மட்டும் போதாது. வெளியில் அது படும் பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

தையலில் தொடங்கும் கிழிசல்: சாக்குத் துணியின் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இழுவிசை தனித்தனியே அளக்கப்படுகிறது. தையலின் வலிமை இன்னொரு சோதனை. துணி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மூட்டை கீழே விழும்போது தையல் விட்டுப்போனால் தானியம் சிந்தும். ஆகவே, நிரப்பிய மூட்டையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கீழே போட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு. துணி மட்டுமன்றி, தையலும் வாய்க்கட்டும் ஒன்றாகச் சேர்ந்து எப்படித் தாக்குப் பிடிக்கின்றன என்பதை அது காட்டிவிடும்.

சணல் காற்றிலுள்ள ஈரத்தை விரைவாக உறிஞ்சக் கூடியது. கொல்கத்தாவின் மழைக்காலத்தில் ஒரு சாக்கின் எடையும், ராஜஸ்தானின் கோடையில் அதே சாக்கின் எடையும் ஒன்றாக இருப்பதில்லை. இதனால்தான் 27 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்துப் பதப்படுத்திய பிறகே சோதனை நடத்தப்படுகிறது. எடைக் கணக்கில் ஏமாற்றம் நேராமல் இருக்கவும் இது அவசியம்.

சணலுக்குச் சாதகமான அம்சங்களும் உண்டு. சணல் மூட்டைகள் வழுக்குவதில்லை என்பதால் கிடங்கில் உயரமாக அடுக்க முடிகிறது. கொக்கி குத்திய இடத்தில் இழைகள் விலகி, பிறகு ஓரளவு மீண்டும் நெருங்கிக் கொள்கின்றன. காற்றோட்டம் இருப்பதால் தானியம் புழுங்குவது குறைகிறது. பிளாஸ்டிக் இழைப் பையோ வெயிலில் நாள்பட வலுவிழக்கும். ஆனால் அது விலை குறைவு, எடையும் குறைவு.

85 கிராம் கணக்கு: இந்தப் போட்டிதான் சணல் சாக்கை மெலிய வைத்தது. ஒரு காலத்தில் 100 கிலோ தானியம் பிடிக்கும் பெரிய சாக்கு புழக்கத்தில் இருந்தது; அதன் எடை மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டியது. பின்னர் 50 கிலோ சாக்கு வந்தது. அதன் எடை 665 கிராமாக இருந்து, பிறகு 580 கிராமாகக் குறைக்கப்பட்டது. இதற்கான இந்தியத் தர நிர்ணயம் 2014-ல் வெளியானது. ஒரு சாக்கில் 85 கிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால், ஒரு கோடி சாக்குகளுக்குக் கணக்கிட்டால் 850 டன் சணல் மிச்சம். அதே வேளையில் நூல் மெலிந்தால் கிழியும் அபாயம் கூடும் என்பதால், எடையைக் குறைக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் சோதனை மூலம் விடை காண வேண்டியிருக்கிறது.

இன்னொரு முன்னேற்றம் எண்ணெய் சார்ந்தது. முரட்டு நாரை மென்மையாக்க, நீருடன் கனிம எண்ணெயைக் கலந்து தெளிப்பது ஆலைகளின் வழக்கம். அந்த எண்ணெயின் வாடையும் படிமமும் காப்பி, கோகோ போன்ற பொருள்களில் ஏறுவதாக இறக்குமதி செய்யும் நாடுகள் ஆட்சேபித்தன. உணவுப் பொருள்களுக்கான சணல் பைகளில் இத்தகைய படிமம் கிலோவுக்கு 1,250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என சர்வதேச சணல் அமைப்பு 1998-ல் வரம்பு விதித்தது. இதற்குத் தீர்வாக வந்தது தவிட்டு எண்ணெய். அரிசியின் தவிட்டிலிருந்து எடுத்த எண்ணெயே அரிசியைச் சுமக்கும் சாக்கை மென்மையாக்குகிறது என்பது சுவையான பொருத்தம்.

மறந்துபோன முதுகு: நூல், நெசவு, தையல், ஈரம், எண்ணெய் என அனைத்தும் சோதிக்கப்படுகின்றன. சாக்கு தாங்குகிறதா என்பதற்கு விடை கிடைத்து விடுகிறது. சுமப்பவர் தாங்குகிறாரா என்ற கேள்விதான் பின்தங்கி நிற்கிறது.

தனி ஒருவர் சுமக்கும் அதிகபட்ச எடை குறித்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1967-ல் உருவானது. வயது வந்த ஆண் தொழிலாளிக்கு 55 கிலோ என்பது அத்துடன் வெளியான பரிந்துரையின் வரம்பு. இந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2010-ல்தான். 50 கிலோ சாக்கு இந்த வரம்புக்குள் அடங்குகிறது என்பது உண்மை. எனினும், சாதகமான சூழலிலும் கையால் தூக்குவதற்கு 23 கிலோவே உகந்த உச்ச வரம்பு என்று அமெரிக்காவின் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1991-ல் திருத்திய கணக்கீட்டு முறை கூறுகிறது. நமது சாக்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 200 மூட்டைகளைக் கையாண்டால், அவரது முதுகு வழியாகச் செல்லும் சுமை 10 டன். பள்ளிக் குழந்தையின் புத்தகப் பை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் தில்லியில் கொள்கை வகுக்கப்பட்டது. 60 கிலோ எடையுள்ள சுமைத் தொழிலாளியோ தன் உடல் எடையில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒவ்வொரு நடைக்கும் சுமக்கிறார்.

தமிழகத்துக்கும் இது அந்நியப் பிரச்னை அல்ல. காவிரி டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பமாகவே நெல் பிடிக்கப்படுகிறது. அறுவடை உச்சத்தில் "சாக்கு இல்லை" என்ற பதிலைக் கேட்டு, நெல்லைக் குவித்து வைத்துக் காத்திருந்த அனுபவம் விவசாயிகள் பலருக்கு உண்டு. 2020-ல் பொது முடக்கத்தால் கொல்கத்தா சுற்றுவட்டார ஆலைகள் நின்றபோது, பிளாஸ்டிக் பைகளைப் பயன்படுத்த மத்திய அரசே விலக்கு அளிக்க நேர்ந்தது. வங்கத்து ஆலை நின்றால் தஞ்சைக் களமும் தவிக்கும் என்பதை இது உணர்த்தியது.

வழி என்ன?: ஐரோப்பிய நாடுகளில் சிமென்ட் மூட்டை 25 கிலோவாகச் சுருங்கிவிட்டது. தானியத்துக்கும் அதைச் செய்யலாமே எனத் தோன்றும். ஆனால், 50 கிலோவை அடைக்க ஒரு சாக்குக்குத் தேவைப்படும் சணலைவிட, இரண்டு சிறிய சாக்குகளுக்கு அதிக சணல் தேவை. அந்தக் கூடுதல் செலவு அரசின் உணவு மானியக் கணக்கில் ஏறும். மேலும், மூட்டைக் கணக்கில் கூலி பெறும் இடங்களில், எடை குறைந்ததைக் காட்டிக் கூலியும் குறைக்கப்பட்டால் தொழிலாளிக்கு நன்மை ஏதும் இல்லை. எனவே எடைக் குறைப்பும் கூலி நிர்ணயமும் ஒருசேரப் பேசப்பட வேண்டியவை.

அதுவரை செய்யக் கூடியவையும் உள்ளன. பிடித்துத் தூக்க வசதியாக மூலைகளில் காது போன்ற பிடி, கிடங்குகளில் தள்ளுவண்டியும் நகரும் பட்டையும், லாரித் தட்டின் உயரத்துக்கு இணையான ஏற்று மேடை ஆகியவற்றுக்குப் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. மலையேறுவோரின் பையைத் திருத்துபவர்கள், அதைச் சுமந்து திரும்பியவரிடம் எங்கே உறுத்தியது என்று முதலில் கேட்கிறார்கள். சாக்குக்கும் அதே கேள்வியை, அதைச் சுமப்பவரிடம் கேட்க வேண்டும்.

சாக்கை எப்படி அறுந்துபோகாமல் செய்வது என்பதைப் பல பத்தாண்டு ஆய்வு கற்றுத் தந்திருக்கிறது. அடுத்த சோதனையில் தராசுக்கும் இழுவிசைக் கருவிக்கும் பக்கத்தில் தொழிலாளியின் முதுகுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டால், அதுவே உண்மையான தர நிர்ணயமாக இருக்கும்.