கோதுமை மா ஏற்றி வந்த கப்பல்

கடலோசை கேளாத இரத்தினபுரியிலிருந்து வெளிவரும் நம் கல்லூரி விழா மலரிலே கப்பலைப் பற்றி எழுதுவானேன் என அன்பர் சிலர் வினவலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே இப்பகுதித் தோட்டங்களின் இறப்பர் கடல் வழியே சென்றது. தோட்ட மக்களின் உணவோ கடல் வழியே வந்தது. ஆதலின் அக்கடலின் கதை நம் கதையுமாம்.

1942 இல் யப்பானியர் மலாயாவையும் பர்மாவையும் கைப்பற்றினர். மலாயா இறப்பர் நேச நாடுகளுக்குக் கிட்டாது போகவே, இலங்கை இறப்பரின் தேவை பெருகிற்று. அதே வேளையில் பர்மா அரிசியின் வரவு நின்றது. பங்கீட்டில் அரிசி குறைய, அக்குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. லயங்களிலே சோற்றுக்குப் பதிலாக ரொட்டி சுட்ட நாள்களை முதியோர் சொல்ல யாம் கேட்டதுண்டு.

அந்த மாவைச் சுமந்த கப்பல்களுள் ஒன்று ‘சிசலாக்’. 1917 இல் கட்டப்பட்ட ஒல்லாந்த வணிகக் கப்பல் அது. 1944 மார்ச் 7 இல் அவுஸ்திரேலியாவின் மெல்போண் துறையை விட்டுக் கொழும்பை நோக்கிப் புறப்பட்டது. முன்னர்த் தாம் பணிபுரிந்த கப்பலை இழந்து தாயகம் திரும்பிய இந்தியக் கப்பலோட்டிகள் சிலரும் அதிலிருந்தனர்.

அக்காலத்தில் வணிகக் கப்பல்கள் கூட்டமாகப் போர்க்கப்பல்களின் காவலுடன் செல்வதுண்டு. ஆயின் இந்து சமுத்திரத்திலே காவற்கப்பல்கள் போதியனவாக இல்லாமையால், பல கப்பல்கள் தனித்தே வந்தன. சிசலாக்கும் அவ்வாறே வந்தது. மார்ச் 26 விடியற்காலை, கொழும்புக்குத் தெற்கே ஏறத்தாழ 600 மைல் தொலைவில், ‘ஐ-8’ என்னும் யப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அதனைத் தாக்கி மூழ்கடித்தது.

வணிகக் கப்பலை மூழ்கடிக்குமுன் அதிலுள்ளோரைப் பாதுகாப்பான இடத்திற் சேர்த்தல் வேண்டுமென்பது 1936 இலண்டன் உடன்படிக்கையின் விதி. ஈண்டு நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறு. படகுகளில் ஏறித் தப்பியோரை நீர்மூழ்கியின் மேற்றளத்துக்கு வரவழைத்து, வாளாலும் துப்பாக்கியாலும் கொன்றனர். இந்தியக் கப்பலோட்டிகளை ஒரே கயிற்றிற் பிணைத்தனர். அந்நிலையிலேயே நீர்மூழ்கி கடலினுள் அமிழ்ந்தது. கொல்லப்பட்டோர் 98 பேர். உயிர் தப்பியோர் ஐவர்: ஒல்லாந்தர் மூவர், ஆங்கிலேயர் ஒருவர், கயிற்றினின்றும் விடுபட்ட இந்தியர் ஒருவர். அவர்களை அமெரிக்கக் கப்பலொன்று மீட்டது. நீர்மூழ்கியின் தலைவரான அரியிசுமி, 1945 இல் யப்பான் சரணடைந்தபின், விசாரணைக்கு உட்படுமுன்னரே தம்முயிரை மாய்த்துக்கொண்டார்.

இதனைக் கூறுவது ஓரினத்தாரை வெறுத்தற்கன்று. போர் வரலாறு படைத்தலைவர் பெயர்களைப் பேணுகிறது. மா மூட்டைக்குக் காவலாய் வந்து மடிந்த கப்பலோட்டியை மறந்துவிடுகிறது. நம் முன்னோர் பசியாற உண்ட ரொட்டியில் அவன் உழைப்பும் உயிரும் கலந்திருந்தன என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும் என்பதே எம் விருப்பம்.