பழுதுள்ள காமிராவும் பற்றுச்சீட்டும்

கடையில் காமிராவைக் கையில் வாங்கி, இரண்டொரு படம் எடுத்துப் பார்த்து, தெளிவாக விழுகிறது என்று மகிழ்ந்து பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஆனால் காமிராவின் பழுதுகளுள் பல, முதல் இரண்டு படங்களில் தலைகாட்டுவதில்லை.

2012 செப்டம்பரில் நிக்கான் நிறுவனம் வெளியிட்ட டி600 காமிராவை எடுத்துக்கொள்வோம். நல்ல கருவி என்றே பெயர் பெற்றது. ஆயினும் பலர் வாங்கிய காமிராக்களில், சில நூறு படங்கள் எடுத்தபின் சென்சார் என்னும் ஒளியுணர் தகட்டில் தூசி படிந்து, படத்தின் இடப்புற மேல்மூலையில் கரும்புள்ளிகள் தோன்றலாயின. துடைத்தாலும் மீண்டும் தோன்றின. 2013 அக்டோபரில் ஷட்டர் மாற்றப்பட்ட டி610 வெளிவந்தது. 2014 பிப்ரவரியில்தான், உத்தரவாதக் காலம் கடந்த டி600 காமிராக்களுக்கும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில், கடைக்குத் திருப்பும் நாட்கள் பலருக்கு எப்போதோ கடந்துவிட்டிருந்தன.

திருப்பிக் கொடுத்தல் வேறு, உத்தரவாதம் வேறு. முன்னதில் பணமோ புதிய கருவியோ கிடைக்கும். பின்னதில் பெரும்பாலும் பழுது பார்த்துத் தருவதோடு சரி. ஆகையால், திருப்பும் காலத்துக்குள்ளேயே புதுக் காமிராவுக்கு நிறைய வேலை கொடுக்க வேண்டும். நம்மவரோ நல்ல நாள் வரட்டும் என்று பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்போம். கடைக்காரரின் கணக்கு நல்ல நாளுக்காகக் காத்திராது!

சோதிப்பது எளிது. லென்ஸின் துவாரத்தை 16 என்ற எண்ணுக்குச் சுருக்கி, மேகமற்ற வானத்தைப் படமெடுங்கள். ஓரிரு புள்ளிகள் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை, காற்றடித்தால் போய்விடும். சில நூறு படங்களுக்குப்பின் மீண்டும் அதே மூலையில் புள்ளிகள் மிகுந்தால் ஐயப்படுங்கள். அடுத்து, துவாரத்தை முழுதும் திறந்து, செங்கற்சுவர் ஒன்றை நேரெதிரே நின்று எடுங்கள். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் மங்கியிருப்பின், லென்ஸின் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கக்கூடும். மூடியிட்டபடியே சில விநாடி ஒளிபடச் செய்து, வண்ணப் புள்ளிகள் தெரிகின்றனவா என்றும் பார்க்கலாம். எடுத்த படங்களை அழிக்காதீர்கள். தேதியுடன் கூடிய சான்று அவையே.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பலர் வாய்மூடி வந்துவிடுகின்றனர். மனம் மாறித் திருப்புவதற்கு அது பொருந்தலாம். பழுதுள்ள பொருளுக்குப் பொருந்தாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பற்றுச்சீட்டில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகமாகும். கடைக்காரர் இணங்காவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அதற்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு. அங்கே முதலில் கேட்கப்படுவது பற்றுச்சீட்டு. விலை சற்றுக் குறையும் என்று பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கியவர், கையில் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க நேரும்.